விபத்துக் காயத்துக்கு வழக்கு: ஸ்டேட் கோர்ட்டா, ஃபெடரல் கோர்ட்டா?

கேள்வி: ஜூன் 2, 2025

டெக்சஸில் இருக்கும் என் மச்சானுக்காகக் கேட்கிறேன். ஹெச்-1பி வேலை விசா. வேக்கோ பக்கம் ஐ-35 நெடுஞ்சாலையில் பின்னால் வந்த டிரக் காரை இடித்துவிட்டது. மணிக்கட்டு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி பில் 58,000 டாலர். ஒன்பது வாரம் சம்பளம் இல்லை. காரில் அவர் மனைவியும் (ஹெச்-4, குடும்ப விசா), அங்கேயே பிறந்த நாலு வயது மகளும் இருந்தார்கள். மகளுக்குக் கழுத்தில் அடி. டிரக் கம்பெனி டெலவேரில் பதிவானது, தலைமை அலுவலகம் ஆர்கன்சாஸில். டிரைவர் டெக்சஸ்காரர், அமெரிக்கக் குடிமகன். "காயம் பெரிது, நீங்கள் வெளிநாட்டுக்காரர், அதனால் ஃபெடரல்தான்" என்கிறார் ஒருவர். "ஆக்சிடென்ட் கேஸ் எல்லாம் ஸ்டேட் கோர்ட்தான்" என்கிறார் இன்னொருவர். எது சரி?

குறிப்பு 1: ஜூன் 2

இரண்டும் அரைகுறை. காயம் எவ்வளவு பெரிது என்பதை வைத்து நீதிமன்றம் தீர்மானமாவதில்லை. யார் யார்மேல் வழக்குப் போடுகிறார்கள், எந்தச் சட்டத்தின் கீழ் போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. காயத்தின் அளவு ஒரே ஒரு இடத்தில் மட்டும் வரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மாநில நீதிமன்றம் பொது நீதிமன்றம். ஏறக்குறைய எந்தக் காய வழக்கையும் அங்கே போடலாம். ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றத்துக்குச் சட்டம் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் உண்டு. அதற்குள் நுழைய முக்கியமாக இரண்டு வாசல். ஒன்று, கோரிக்கையே ஃபெடரல் சட்டத்திலிருந்து பிறக்க வேண்டும் (அமெரிக்கச் சட்டத் தொகுப்பு, தலைப்பு 28, பிரிவு 1331). மற்றது, இரு தரப்பும் வெவ்வேறு மாநிலத்தவராகவோ, ஒரு பக்கம் வெளிநாட்டவராகவோ இருந்து, தொகை 75,000 டாலரைத் தாண்ட வேண்டும் (பிரிவு 1332).

முதல் வாசலில் பலர் ஏமாறுகிறார்கள். "டிரைவர் ஃபெடரல் விதியில் சொன்ன மணி நேரத்தைத் தாண்டி ஓட்டினார், ஆகவே இது ஃபெடரல் வழக்கு" என்று நினைப்பார்கள். அந்த விதிமீறல் கவனக்குறைவுக்குச் சாட்சியம், அவ்வளவுதான். கோரிக்கை டெக்சஸின் கவனக்குறைவுச் சட்டத்தில்தான் நிற்கிறது. 1986-இல் மெரெல் டௌ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. மருந்தால் குழந்தைகள் பிறவிக் குறையோடு பிறந்தார்கள் என்ற வழக்கு அது. ஃபெடரல் மருந்துச் சட்டத்தை மீறிய லேபிள் என்பதையும் வாதத்தில் சேர்த்திருந்தார்கள். அதனால் மட்டும் ஃபெடரல் அதிகாரம் வராது என்று தீர்ப்பு. எதிர்த்தரப்பு ஃபெடரல் சட்டத்தைத் தன் தற்காப்பாகச் சொன்னாலும் வராது. 1908-லிருந்து அதுவே விதி.

ஆக, உங்கள் மச்சானுக்கு இருப்பது இரண்டாவது வாசல் மட்டும்.

குறிப்பு 2: ஜூன் 3

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் வாதிகள், வலப்பக்கம் பிரதிவாதிகள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, வழக்குத் தாக்கலாகும் நாளில் அவர் எந்த மாநிலத்தின் குடிமகன் என்று எழுதுங்கள். கோட்டின் இரு பக்கமும் ஒரே மாநிலம் ஒரு முறை வந்துவிட்டால் போதும், ஃபெடரல் வாசல் மூடிவிடும். 1806-இல் ஸ்ட்ராபிரிட்ஜ் வழக்கில் தொடங்கிய விதி, இன்றைக்கும் மாறவில்லை.

ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1 (மாணவர்), பி-2 (சுற்றுலா) விசாக்காரர் எல்லாம் வெளிநாட்டவர்தான். பத்து வருடம் டெக்சஸில் இருந்தாலும், வீடு வாங்கியிருந்தாலும், டெக்சஸ் லைசென்ஸ் இருந்தாலும் அவர் டெக்சஸ் குடிமகன் ஆகமாட்டார். ஐ-140 (வேலை தருபவர் போடும் கிரீன் கார்டு மனு) ஒப்புதலாகி கிரீன் கார்டு வரிசையில் நிற்பவரும் இதே கணக்கில்தான். கார்டு கிடைக்கும் வரை வெளிநாட்டவர்.

கிரீன் கார்டு கையில் இருப்பவர் கதை வேறு. அவர் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருக்கிறாரோ, அதே மாநிலக் குடிமகன் எதிர்ப்பக்கம் இருந்தால் ஃபெடரல் அதிகாரம் கிடையாது. 2011-இல் திருத்தி, 2012 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வாசகம் இது. அதே வழக்கு, அதே டிரைவர், உங்கள் மச்சானிடம் கிரீன் கார்டு இருந்தால் விடை தலைகீழ். வழக்குப் போட்ட பிறகு கார்டு வந்தால் பாதிப்பில்லை, தாக்கல் நாள்தான் கணக்கு.

கம்பெனிக்கு இரண்டு குடியுரிமை: பதிவான மாநிலம், நிர்வாகம் உண்மையில் நடக்கும் மாநிலம். ஹெர்ட்ஸ் வழக்கு (2010) இரண்டாவதைத் தெளிவாக்கிவிட்டது. அதிகாரிகள் முடிவெடுக்கும் தலைமையிடம்தான் கணக்கு, எங்கே லாரி அதிகம் ஓடுகிறது என்பதல்ல.

ஆக வலப்பக்கம் டெலவேர், ஆர்கன்சாஸ், டெக்சஸ். இடப்பக்கம் மச்சானும் மனைவியும் வெளிநாட்டவர். இவர்கள் இருவர் மட்டும் வாதிகள் என்றால் ஃபெடரல் வாசல் திறந்திருக்கிறது.

மகளைப் பற்றி நாளை எழுதுகிறேன். முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

குறிப்பு 3: ஜூன் 4

மகள் பிறப்பால் அமெரிக்கக் குடிமகள். ஆனால் மாநிலக் குடியுரிமைக்கு அது மட்டும் போதாது. ஒரு மாநிலத்தில் நிலையான வசிப்பிடமும் வேண்டும். குழந்தையின் நிலையான வசிப்பிடம் பெற்றோரைத் தொடரும். பெற்றோர் டெக்சஸிலேயே தங்கும் எண்ணத்தோடு இருக்கிறார்கள் என்றால் மகள் டெக்சஸ் குடிமகள். டிரைவரும் டெக்சஸ். கோட்டின் இரு பக்கமும் டெக்சஸ் வந்துவிட்டது.

சரி, பெற்றோரின் நிலையான வசிப்பிடம் இன்னும் இந்தியாதான் என்று ஒருவர் வாதாடினால்? அப்போதும் தேறாது. இன்னும் மோசம். அமெரிக்கக் குடியுரிமை இருந்து எந்த மாநிலத்திலும் நிலையான வசிப்பிடம் இல்லாதவர், மாநிலக் குடிமகனும் அல்ல, வெளிநாட்டவரும் அல்ல. பிரிவு 1332-இல் அவருக்கு இடமே கிடையாது. 1989-இல் நியூமன்-கிரீன் வழக்கில், வெனிசுவேலாவில் குடியேறிய ஒரு அமெரிக்கர் பிரதிவாதியாக இருந்ததே முழு வழக்கையும் ஆட்டிவிட்டது. அவரை நீக்கித்தான் வழக்கைக் காப்பாற்றினார்கள். அமெரிக்க பாஸ்போர்ட்டோடு சென்னைக்கே நிரந்தரமாகத் திரும்பிவிட்டவர்களும் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். விடுமுறைக்கு அமெரிக்கா போன இடத்தில் அடிபட்டால், இந்த வாசல் வழியாக அவர்களால் ஃபெடரல் நீதிமன்றத்துக்குள் போக முடியாது.

அப்படியானால் மகளும் வாதியாக இருக்கும் வழக்கு மாநில நீதிமன்றத்துக்குரியது. "அப்பாவின் கோரிக்கை ஃபெடரலில் நிற்கிறதே, மகளுடையதைத் துணையாகச் சேர்க்கலாமே" என்று கேட்கலாம். தொகை குறைவாக இருக்கும் வாதியைத்தான் அப்படிச் சேர்க்க முடியும். 2005-இல் அல்லபட்டா தீர்ப்பு அதை அனுமதித்தது. அதே தீர்ப்பு, குடியுரிமை ஒரே இடத்தில் மோதினால் வழக்கு முழுவதும் கெட்டுவிடும் என்றும் சொல்லிவிட்டது.

குறிப்பு 4: ஜூன் 4, இரவு

75,000 டாலர் கணக்கு. காயத்தின் அளவு வருவது இந்த இடத்தில்தான்.

தொகை 75,000-ஐத் தாண்ட வேண்டும். சரியாக 75,000 என்றால் போதாது. வட்டியும் கோர்ட் செலவும் சேராது. ஒரு வாதி ஒரு பிரதிவாதியிடம் கேட்கும் எல்லா இழப்பையும் கூட்டலாம்: இதுவரை ஆன வைத்தியச் செலவு, இனி வரப்போவது, போன சம்பளம், வலி, அங்கக்குறை. ஆனால் அப்பாவின் 50,000-மும் அம்மாவின் 30,000-மும் சேர்த்து 80,000 என்று கூட்ட முடியாது. யாராவது ஒருவருடையது தனியாகத் தாண்டியிருக்க வேண்டும்.

58,000 டாலர் பில்லை அப்படியே வைத்துக் கூட்டாதீர்கள். டெக்சஸில் உண்மையில் கட்டப்பட்ட அல்லது கட்டவேண்டிய தொகைதான் கிடைக்கும் (சிவில் நடைமுறை மற்றும் நிவாரணச் சட்டம், பிரிவு 41.0105). இன்ஷூரன்ஸ் பேரம்பேசிக் குறைத்துக் கட்டியிருந்தால் அந்தக் குறைந்த தொகைதான் எண். பில் வேறு, இன்ஷூரன்ஸ் அனுப்பும் விளக்கத்தாள் வேறு; இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மறுபக்கம், பிளேட் வைத்த மணிக்கட்டுக்கு வலியும் வருங்காலச் சிகிச்சையும் சேர்ந்தால் 75,000 தாண்டுவது கடினமில்லை.

டெக்சஸ் மாநில மனுவில் மொத்தத் தொகையை ஒரு வரம்பாகச் சொல்ல வேண்டும்: 250,000 அல்லது அதற்குக் கீழ், 250,000-க்கு மேல் 10 லட்சம் வரை, 10 லட்சத்துக்கு மேல். "250,000-க்குக் கீழ்" என்று எழுதினால் 75,000-க்கு மேலா கீழா என்று தெரியாது. அப்போது எதிர்த்தரப்பு உங்கள் கோரிக்கைக் கடிதத்தை எடுத்து நீட்டும். இன்ஷூரன்ஸுக்கு 400,000 கேட்டுக் கடிதம் எழுதிவிட்டு, பிறகு நீதிமன்றத்தில் "என் வழக்கு 75,000-க்குள்தான்" என்று சொல்வது எடுபடாது. கலிஃபோர்னியாவில் காய வழக்கு மனுவில் தொகையே எழுதக்கூடாது. அங்கே இந்தச் சண்டை வேறு காகிதங்களை வைத்து நடக்கும்.

பின்கேள்வி: ஜூன் 6

வழக்கை நாங்கள் ஸ்டேட் கோர்ட்டில் போட்டுவிட்டால் அதோடு முடிந்ததா? கம்பெனி அதை மாற்ற முடியுமா?

குறிப்பு 5: ஜூன் 6

முடியும். சண்டையே பெரும்பாலும் அங்கேதான்.

ஃபெடரலில் போட்டிருக்கக்கூடிய வழக்கை வாதி மாநிலத்தில் போட்டால், பிரதிவாதி அதை ஃபெடரலுக்கு இழுக்கலாம். முறை இது. சம்மன் முறைப்படி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ஃபெடரல் நீதிமன்றத்தில் மாற்ற அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். மாநில வழக்கில் தங்களுக்கு வந்த காகிதங்களின் நகலை இணைக்க வேண்டும். கட்டணம் 405 டாலர். சம்மன் பெற்ற எல்லாப் பிரதிவாதிகளும் சம்மதிக்க வேண்டும். வாதிக்குத் தெரிவித்து, மாநில நீதிமன்றத்திலும் ஒரு நகலைத் தாக்கல் செய்ததும் அங்கே வழக்கு நின்றுவிடும். யாரும் அனுமதி கேட்பதில்லை, முதலில் விசாரணையும் இல்லை. காலையில் வேக்கோ அடங்கிய மெக்லெனன் கவுண்டி (மாவட்டம்) நீதிமன்றத்தில் இருந்த வழக்கு மாலையில் மேற்கு டெக்சஸ் ஃபெடரல் நீதிமன்றத்தின் வேக்கோ பிரிவில் இருக்கும்.

மரியாதைக்கு ஈமெயிலில் அனுப்பிய நகலால் 30 நாள் ஓடத் தொடங்காது. முறையான சம்மன்தான் கடிகாரத்தைத் தொடங்கும் (மர்ஃபி பிரதர்ஸ், 1999).

குடியுரிமை வேற்றுமையை மட்டும் வைத்து இழுத்த வழக்கில் வாதிக்கு ஒரு கவசம் உண்டு. முறையாகச் சேர்க்கப்பட்டு சம்மன் பெற்ற பிரதிவாதிகளில் ஒருவர் அந்த மாநிலத்துக்காரராக இருந்தால் இழுக்கக்கூடாது. சொந்த ஊர்க்காரருக்கு சொந்த ஊர் நீதிமன்றத்தில் பாரபட்சம் நேரும் என்ற பயம் இருக்க முடியாது, அதனால் இந்த விதி. உங்கள் வழக்கில் அந்த இடத்தில் நிற்பவர் டெக்சஸ் டிரைவர். அவர்மேல் உண்மையான கோரிக்கை இருக்கிறது, வண்டியை ஓட்டியவரே அவர்தான். அவரைச் சேர்ப்பதில் போலித்தனம் ஒன்றும் இல்லை.

குறிப்பு 6: ஜூன் 7

நேற்றைய கவசத்தில் ஓட்டை உண்டு. "சம்மன் பெற்ற" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, டிரைவருக்குச் சம்மன் போகும் முன்பே கம்பெனி இழுத்துவிடலாம். பெரிய கம்பெனிகள் நீதிமன்றப் பதிவுகளைத் தினமும் கண்காணிக்க ஆள் வைத்திருக்கின்றன. மனு தாக்கலான மறுநாளே இழுப்பார்கள். டெக்சஸை உள்ளடக்கிய ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் டெக்சஸ் பிரைன் வழக்கில் இதை ஏற்றது. இரண்டாம், மூன்றாம் வட்டங்கள் அதற்கு முன்பே ஏற்றிருந்தன.

மூன்றாம் குறிப்பில் மகளைப் பற்றிச் சொன்னது இங்கே கைகொடுக்கிறது. சம்மனுக்கு முன்பே இழுக்கும் தந்திரம் ஊர்க்காரர் விதியை மட்டும்தான் தாண்டும். குடியுரிமை மோதலைத் தாண்டாது. சம்மன் போயிருந்தாலும் போகாவிட்டாலும் டிரைவரின் குடியுரிமை கணக்கில் வரும். மகள் வாதியாக இருக்கும் வரை வழக்கு திரும்பி வந்துவிடும்.

மகள் வாதியாக இல்லாத வழக்கில் செய்யவேண்டியது ஒன்று: மனு தாக்கலாகும் முன்பே, சம்மன் சேர்ப்பவரை டிரைவர் வீட்டு முகவரியோடு தயாராக வைத்திருங்கள். சம்மன் கையில் வந்ததும் முதலில் டிரைவருக்கு, பிறகு கம்பெனிக்கு.

குறிப்பு 7: ஜூன் 9

மாற்ற அறிவிப்பு வந்துவிட்டால் அதை எப்படிப் படிப்பது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். பொதுவில் எழுதுவதே நல்லது.

முதல் பக்கத்தின் முத்திரைத் தேதியைப் பாருங்கள். அன்றிலிருந்து 30 நாள், இது உங்களுக்கான கடிகாரம். நடைமுறைக் குறைகளை (ஊர்க்காரர் விதி, தாமதம், சம்மதம் இல்லாமை) அந்த 30 நாளுக்குள் எழுப்பி, வழக்கைத் திருப்பி அனுப்பக் கோர வேண்டும். 31-ஆம் நாள் போனால் அந்தக் குறை போயே போய்விட்டது. அதிகாரமே இல்லை என்ற குறைக்கு மட்டும் கெடு கிடையாது.

அடுத்து, "தரப்பினர்" என்ற தலைப்பின் கீழ் உள்ள பத்தியைப் பென்சிலோடு படியுங்கள். "வாதி டெக்சஸில் வசிப்பவர்" என்று இருக்கிறதா? வசிப்பது வேறு, குடிமகனாக இருப்பது வேறு; வசிப்பதாக மட்டும் எழுதினால் அதிகாரம் நிரூபணமாகாது. இந்தியப் பெயர் கொண்ட வாதியை லைசென்ஸ் முகவரியைப் பார்த்து "டெக்சஸ் குடிமகன்" என்று எழுதிவிடுவதும் உண்டு. எழுத்துக் குறையைத் திருத்திக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் உண்மையிலேயே மோதல் இருந்தால் எந்தத் திருத்தமும் உதவாது.

கம்பெனிப் பெயரின் கடைசி எழுத்துகளையும் பாருங்கள். "இன்க்" என்றால் குறிப்பு 2-இல் சொன்ன இரண்டு மாநிலம். "எல்எல்சி" (உறுப்பினர்களைக் கொண்ட வரையறுத்த பொறுப்புக் கம்பெனி) என்றால் பதிவு மாநிலம் கணக்கே இல்லை. அதன் ஒவ்வொரு உறுப்பினரின் குடியுரிமையும் கணக்கு. உறுப்பினர் இன்னொரு எல்எல்சி என்றால் அதன் உறுப்பினர்கள், அப்படியே அடிவரை இறங்க வேண்டும். சிறிய டிரக் கம்பெனிகள் பல இப்படித்தான். டெலவேர் எல்எல்சி, ஆர்கன்சாஸ் அலுவலகம், பத்து சதவீதப் பங்குதாரர் ஒருவர் டல்லஸில் இருந்தால் அது டெக்சஸ் குடிமகனும்தான். 2022 டிசம்பரிலிருந்து ஃபெடரல் சிவில் நடைமுறை விதி 7.1-இன்படி ஒவ்வொரு தரப்பும் இந்தக் குடியுரிமையை எழுதித் தாக்கல் செய்தாக வேண்டும். வராவிட்டால் நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுபோங்கள்.

திருப்பி அனுப்பும் உத்தரவை எதிர்த்து, பொதுவாக, கம்பெனி மேல்முறையீடு செய்ய முடியாது (பிரிவு 1447). அதனால்தான் இந்த ஒரு மனுவில் உழைப்பைக் கொட்டுவது தகும்.

பின்கேள்வி: ஜூன் 10

எங்கே நடந்தாலும் சட்டம் ஒன்றுதானே? எதற்கு இத்தனை பாடு?

குறிப்பு 8: ஜூன் 10

பொறுப்பு யாருடையது, இழப்பீடு எவ்வளவு என்ற சட்டம் ஒன்றுதான். 1938-லிருந்து அப்படி. அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் தந்த ஈரி தீர்ப்பே ஒரு காய வழக்கில் பிறந்தது. 1934-இல் பென்சில்வேனியாவின் ஹியூஸ்டவுனில் தண்டவாளம் ஓரமாக இரவில் நடந்துபோன டாம்ப்கின்ஸின் வலது கையை ஈரி ரயில்வேயின் சரக்கு ரயில் பறித்தது. பென்சில்வேனியச் சட்டப்படி அவர் அத்துமீறி நுழைந்தவர், தேறுவது கடினம். அதனால் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில் போட்டார்கள். அங்கே நீதிபதிகள் "பொதுச் சட்டம்" என்று ஒன்றைத் தாங்களே வகுத்துக்கொண்டிருந்த காலம். ஜூரி 30,000 டாலர் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஃபெடரல் நீதிமன்றமும் மாநிலச் சட்டத்தைத்தான் பின்பற்ற வேண்டும் என்றது.

ஆனால் சட்டம் ஒன்றானாலும் நடைமுறை வேறு, ஜூரி வேறு. டெக்சஸ் மாவட்ட நீதிமன்றத்தில் 12 பேரில் 10 பேர் ஒத்துக்கொண்டால் தீர்ப்பு. கலிஃபோர்னியாவில் 12-இல் 9. ஃபெடரலில் குறைந்தது 6 பேர், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை ஒருமனதாக இருக்க வேண்டும். ஒரே ஒரு பிடிவாதக்காரரால் வழக்கு முட்டுச்சந்தில் நிற்கலாம். ஜூரி வருவது ஒரு கவுண்டியிலிருந்து மட்டும் அல்ல, ஃபெடரல் நீதிமன்றப் பிரிவின் பல கவுண்டிகளிலிருந்து. நிபுணர் சாட்சி கையெழுத்திட்ட முழு அறிக்கை தர வேண்டும். ஒவ்வொரு தரப்புக்கும் விசாரணைக்கு முன் சாட்சிகளிடம் எடுக்கும் வாக்குமூலம் 10, ஒவ்வொன்றும் 7 மணி நேரம். மேலே வேண்டுமானால் அனுமதி. விசாரணைக்கு முன்பே தீர்ப்புக் கேட்கும் மனுக்கள் அங்கே கனமாக வரும். டிரக் கம்பெனிகள் ஃபெடரலை விரும்பும் காரணம் இதுதான். வாதிக்கும் சில நேரம் அது நல்லது: விசாரணைத் தேதி உறுதியாக இருக்கும், வெளிமாநிலச் சாட்சிகளுக்கு சம்மன் அனுப்புவது எளிது.

சட்ட மாணவர்கள் படிக்கும் வேர்ல்ட்-வைட் ஃபோக்ஸ்வேகன் வழக்கை (1980) இந்தக் கண்ணோடு பாருங்கள். நியூயார்க்கில் ஆடி கார் வாங்கிய குடும்பம் அரிசோனாவில் குடியேறப் போகும் வழியில், 1977-இல் ஓக்லஹோமாவில் பின்னாலிருந்து இடிபட்டு கார் தீப்பிடித்தது. அரிசோனா போய்ச் சேராததால் அவர்கள் இன்னும் நியூயார்க் குடிமக்கள். நியூயார்க் விற்பனையாளரும் விநியோகஸ்தரும் பிரதிவாதியாக இருக்கும் வரை வழக்கை ஃபெடரலுக்கு இழுக்க முடியாது. காயம்பட்டவர்களுக்குத் தாராளம் என்று பெயர் எடுத்த ஓக்லஹோமா கவுண்டி ஒன்றிலேயே நடக்கும். அந்த இருவரும் தங்கள்மேல் ஓக்லஹோமாவுக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம்வரை போனது இதற்காகத்தான். ஜெயித்தார்கள். வழக்கு ஃபெடரலுக்குப் போனது. அங்கே ஜூரி, வழக்கில் மிஞ்சிய ஆடி கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது.

குறிப்பு 9: ஜூன் 12

இடித்தது டிரக் கம்பெனி இல்லாமல் தபால்துறை வண்டியாக இருந்தால்? மேலே எழுதிய எதுவும் பொருந்தாது. ஃபெடரல் அரசு ஊழியர் பணியில் செய்த தவறுக்கு ஃபெடரல் நீதிமன்றம் மட்டும்தான், அதுவும் ஜூரி இல்லாமல். முதலில் அந்தத் துறைக்கு எழுத்துக் கோரிக்கை, வழக்கமாக ஸ்டாண்டர்ட் ஃபார்ம் 95, இரண்டு வருடத்துக்குள். அதில் தொகையை ஒரே எண்ணாக எழுத வேண்டும். "பிறகு சொல்கிறோம்" என்று விட்டால் கோரிக்கையே செல்லாமல் போகலாம். அவர்கள் நிராகரித்துக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்கு. ஆறு மாதமாகப் பதிலே இல்லை என்றால் நிராகரித்ததாக எடுத்துக்கொண்டு போகலாம். வக்கீல் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: வழக்குக்கு முன் 20 சதவீதம், வழக்குப் போட்ட பின் 25.

மறைந்திருக்கும் பொறி: ஃபெடரல் நிதியில் நடக்கும் சமூக மருத்துவ மையங்கள் பல, சட்டத்தின் கண்ணில் ஃபெடரல் அரசுதான். தெருமுனை கிளினிக் என்று நினைத்து மாநிலத்தில் சிகிச்சைப் பிழை வழக்குப் போட்டவர்கள், பிரதிவாதி இடத்தில் அமெரிக்க அரசு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். முன்கூட்டியே ஃபெடரல் சுகாதார வளத்துறையின் (ஹெச்ஆர்எஸ்ஏ) இணையப் பட்டியலில் பெயரைத் தேடிவிடுங்கள்.

டெக்சஸ் மாநில அரசு வண்டி என்றால் நேர் எதிர்: மாநில நீதிமன்றம், ஆறு மாதத்துக்குள் முன்னறிவிப்பு, ஒருவருக்கு 250,000 டாலர் உச்சவரம்பு. சில நகரங்களின் சாசனம் அறிவிப்புக்கு இன்னும் குறைந்த நாளே தரும்.

ரயில்வே ஊழியர் வேலையில் அடிபட்டால் 1908-ஆம் ஆண்டு ஃபெடரல் சட்டம். ஃபெடரல் சட்டமாக இருந்தாலும் தொழிலாளி மாநிலத்தில் போட்டால் ரயில்வே அதை இழுக்க முடியாது. கப்பல் மாலுமிகளுக்கும் அதே பாதுகாப்பு.

பின்கேள்வி: ஜூன் 13

மதுரையிலிருந்து விசிட்டுக்கு வந்த மாமியார், ஹெச்-1பி மருமகன் ஓட்டிய காரில் அடிபட்டால்?

குறிப்பு 10: ஜூன் 13

இருவரும் வெளிநாட்டவர். வெளிநாட்டவர் வெளிநாட்டவர்மேல் போடும் வழக்குக்கு பிரிவு 1332-இல் இடமில்லை. மருமகனோடு டிரக் கம்பெனியையும் சேர்த்தாலும் அதே நிலை. மாநில நீதிமன்றம்தான். பெயருக்கு மருமகன்மேல் வழக்கு, பணம் தருவது கார் இன்ஷூரன்ஸ் என்பதைக் குடும்பத்தில் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

குறிப்பு 11: ஜூன் 15

காலவரம்பு. டெக்சஸில் இரண்டு வருடம். தப்பான நீதிமன்றத்தில் போட்டு அந்த நாட்களைக் கரைப்பதுதான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய ஆபத்து.

ஃபெடரல் விதி, சம்மன் சேர்க்க 90 நாள் தருகிறது. அதை நம்பித் தூங்காதீர்கள். மாநிலச் சட்டத்தை வைத்து நடக்கும் வழக்கில், எப்போது கடிகாரம் நிற்கிறது என்பதும் மாநிலச் சட்டமே. 1980-இல் வாக்கர் வழக்கு: ஆணித்தலை உடைந்து கண்ணில் பாய்ந்த ஓக்லஹோமா தச்சர், இரண்டு வருடம் முடிய மூன்று நாள் இருக்கும்போது ஃபெடரலில் தாக்கல் செய்தார். சம்மன் மூன்று மாதம் கழித்துத்தான் போனது. ஓக்லஹோமா சட்டத்தில் 60 நாளுக்குள் சம்மன் போயிருக்க வேண்டும். வழக்கு போய்விட்டது. டெக்சஸில் நாள் கணக்கு இல்லை. தாக்கலுக்குப் பிறகு விடாமல் முயன்று சம்மன் சேர்த்தீர்களா என்று பார்ப்பார்கள்.

மகளின் கோரிக்கைக்கு 18 வயது வரை கடிகாரம் ஓடாது. ஆனால் அவளுக்கான வைத்தியச் செலவு பெற்றோரின் கோரிக்கை, அதற்கு இரண்டே வருடம்தான். "குழந்தை வழக்குத்தானே, நிதானமாகப் பார்க்கலாம்" என்று விட்டு அந்தப் பணத்தை இழக்க வேண்டாம்.

குறிப்பு 12: ஜூன் 16

குறிப்பு 7-க்குத் தொடர்ச்சி. அதிகாரக் குறைக்குக் கெடு இல்லை என்பதை "எப்போது வேண்டுமானாலும் எழுப்பி ஜெயிக்கலாம்" என்று படித்துவிடாதீர்கள். கென்டக்கியில் புல்டோசரில் அடிபட்டவரின் வழக்கை, புல்டோசர் கம்பெனியான கேட்டர்பில்லர், பிற்பாடு இழுக்கத்தக்கதாகும் வழக்குக்கு உள்ள ஒரு வருடக் கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது ஃபெடரலுக்கு இழுத்தது. உள்ளூர் விற்பனையாளர் இன்னும் வழக்கில் இருந்ததால் குடியுரிமை மோதல் இருந்தது. வாதி உரிய நேரத்தில் ஆட்சேபித்தும் நீதிபதி திருப்பி அனுப்பவில்லை. விசாரணைக்கு முன் அந்த விற்பனையாளர் சமரசமாகி விலக, வாதி ஜூரியிடம் தோற்றார். 1996-இல் உச்ச நீதிமன்றம், தீர்ப்பு வந்த நாளில் அதிகாரம் இருந்தது, ஆகவே தீர்ப்பு நிற்கும் என்றது. ஆரம்பத்திலேயே தடுத்து நிறுத்தாவிட்டால், சரியாக இருந்தவரும் இப்படித் தோற்கலாம்.

தொகையைக் குறைத்து வழக்கைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. இழுத்த பிறகு "75,000-க்குள்" என்று திருத்துவதை 1938-லிருந்து ஏற்பதில்லை. ஃபெடரல் சட்டக் கோரிக்கையை வைத்து இழுத்திருந்தால் மட்டும், அந்தக் கோரிக்கையை மனுவிலிருந்து நீக்கித் திரும்பப் பெறலாம். 2025 ஜனவரியில் ராயல் கேனின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. உங்கள் மச்சான் மனுவில் அப்படி எதுவும் இருக்கப்போவதில்லை.

குறிப்பு 13: ஜூன் 18

வழக்கு இழுக்கப்பட்டால் ஜூரி உரிமை தானாகக் கூட வராது. மாநிலத்தில் எழுத்தில் கேட்டிருந்தால் அது தொடரும். கேட்காமல் விட்டிருந்து, இரு தரப்பு மனுக்களும் ஏற்கெனவே முடிந்திருந்தால், மாற்ற அறிவிப்பு கைக்கு வந்ததிலிருந்து 14 நாள்தான். டெக்சஸில் விசாரணைக்கு 30 நாள் முன்வரை கேட்கலாம் என்ற பழக்கத்தில் இருப்பவர்கள் இங்கே தவறவிடுகிறார்கள். மாநில மனுவிலேயே ஜூரி கோரிக்கையை எழுதி, அதற்கான கட்டணத்தையும் அன்றே கட்டிவிடச் சொல்லுங்கள்.